முகத்தில் ஊசி உருட்டும் மோகம்! ரத்தம் வந்தால் ஆபத்து!

மதுரை—

கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பிடி. முனையில் ஒரு சின்னச் சக்கரம். சக்கரம் பூராவும் ஊசி!

"டெர்மா ரோலர்" என்று இதற்குப் பெயர். தமிழில் சொன்னால் ஊசி உருளை. இதை வாங்க டாக்டர் சீட்டு யாரும் கேட்பதில்லை. செல்போனில் ஆர்டர் போட்டால் சில நூறு ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே பார்சல் வந்து விடுகிறது. மேலூரோ, உசிலம்பட்டியோ, திருமங்கலமோ, எந்த ஊராக இருந்தாலும் வருகிறது.

பருத் தழும்பு மறையும், முகம் பளபளக்கும், தாடி முளைக்கும் என்று விளம்பரம். முகூர்த்த நாள் குறித்த வீட்டில் கேட்க வேண்டுமா? அக்காள் உருட்டுகிறாள். அவள் வைத்த இடத்தில் இருந்து எடுத்துத் தங்கை உருட்டுகிறாள். தாடி வளரட்டும் என்று தம்பியும் அதையே தாடையில் உருட்டுகிறான்.

மூன்று முகம். ஒரே ஊசி!

வில்லங்கம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

அமெரிக்காவில் நடந்தது

2018ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், 40 வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிய வந்தது. போதை ஊசி போடும் பழக்கம் அவருக்கு இல்லை. ரத்தம் ஏற்றிக் கொள்ளவும் இல்லை. கூட வாழ்பவரைச் சோதித்தார்கள். அவருக்குக் கிருமி இல்லை.

பிறகு எப்படி வந்தது?

துருவிப் பார்த்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. சில மாதங்களுக்கு முன்பு அல்புகர்க்கி நகரில் ஒரு அழகு நிலையத்தில் அவர் "வேம்பயர் பேஷியல்" செய்து கொண்டிருந்தார். உடம்பில் இருந்து ரத்தம் எடுத்து, அதில் ஒரு பகுதியைப் பிரித்து, முகத்தில் ஊசியால் நுண்ணிய துளைகள் போட்டு அதைத் தடவுவதுதான் அந்த பேஷியல்.

அதிகாரிகள் அந்த நிலையத்துக்குள் நுழைந்து பார்த்தார்கள். பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் சமையலறை பிரிட்ஜில், சாப்பாட்டோடு சாப்பாடாக இருந்தன. உறை பிரித்த சிரிஞ்சுகள் மேஜை டிராயரில் கிடந்தன. ஒரு தடவை உபயோகித்து எறிய வேண்டிய முனைகளை ஸ்பிரிட்டில் முக்கி எடுத்து மறுபடி பயன்படுத்தியதும் தெரிந்தது.

2018 செப்டம்பரில் நிலையம் மூடப்பட்டது. லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றத்தை ஒப்புக் கொண்ட உரிமையாளருக்கு 2022இல் சிறைத் தண்டனை கிடைத்தது. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் 2024 ஏப்ரலில் முழு அறிக்கையை வெளியிட்டது. ஒரே வகைக் கிருமி 5 பேரிடம் இருந்தது. அவர்களில் 4 பேர் அங்கே பேஷியல் செய்து கொண்ட பெண்கள். அந்த நான்கில் 3 பேருக்காவது பேஷியல் ஊசி மூலமாகத்தான் கிருமி தொற்றியிருக்க வேண்டும் என்பது அறிக்கையின் முடிவு.

அது பார்லர், இது வீடுதானே என்று தள்ளி விட முடியாது. முகத்தில் குத்திய ஊசி எங்கே இருந்தாலும் ஊசிதான். காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமி, காய்ந்து போன ரத்தத் துளியில் கூட 7 நாள் வரை உயிரோடு இருக்கும். அக்காள் ஞாயிற்றுக்கிழமை உருட்டியதைத் தங்கை வெள்ளிக்கிழமை எடுத்தாலும் அபாயம் அப்படியேதான் இருக்கிறது.

"கழுவித்தானே வச்சிருக்கேன், என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊசிக்கு ஊசி இடுக்கில் ஒட்டிய ரத்தமும் தோலும் குழாய்த் தண்ணீரில் போகாது. ஸ்பிரிட் கிருமியைக் குறைக்கும். ஆஸ்பத்திரியில் செய்வது போன்ற முழுச் சுத்திகரிப்பு அதில் கிடைக்காது.

ஊசி என்ன செய்கிறது?

தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த டெஸ்மண்ட் பெர்னாண்டஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் 1990களில் இந்த முறையை வளர்த்தெடுத்தார். தோலில் நுண்ணிய காயம் போட்டால், அதை ஆற்ற உடம்பு புதிய நார்ப்புரதத்தை உற்பத்தி செய்யும். குழி விழுந்த பருத் தழும்பு கொஞ்சம் கொஞ்சமாக மேடேறும். முறை நிஜமானது. தோல் டாக்டர்கள் இன்றும் செய்கிறார்கள்.

ஆனால் அவர்கள் செய்யும் விதம் வேறு. டாக்டர்கள் வைத்திருக்கும் ரோலரில் வழக்கமாக 8 வரிசையில் 192 ஊசிகள் இருக்கும். அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீளம். கிருமி நீக்கி உறையில் வந்ததைப் பிரிப்பார்கள். மரத்துப் போகக் களிம்பு தடவுவார்கள். ஒரு ஆளுக்கு உபயோகித்ததை இன்னொருவருக்கு எடுக்க மாட்டார்கள்.

முகத்தின் மேல்தோல் முழுவதும் சேர்ந்தே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அரை மில்லிமீட்டர் ஊசி அதைத் தாண்டி ரத்தக் குழாய் ஓடும் இடத்துக்குப் போய் விடும். வீட்டு உபயோகத்துக்கு என்று விற்பது 0.2, 0.3 மில்லிமீட்டர். இந்தக் குட்டை ஊசியால் குழித் தழும்பு மேடேறாது. ஆழமான ஊசியை வீட்டில் எடுத்தால் ரத்தம் வரும்.

அதாவது, பத்திரமான ஊசியில் அந்தப் பலன் இல்லை. பலன் உள்ள ஊசி வீட்டில் பத்திரம் இல்லை.

ஊசி உருளை எதையும் கடையில் நேரடியாகப் பொதுமக்களுக்கு விற்க அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அறிவித்திருக்கிறது. மின் அலையும் ஊசியும் சேர்ந்த கருவிகளால் தீக்காயம், தழும்பு, நரம்புச் சேதம் வருவதாக 2025 அக்டோபரில் அது எச்சரித்தது. வீட்டில் தொடவே வேண்டாம் என்றும் சொன்னது.

நம் தோலுக்கு இன்னொரு கஷ்டம்

நம் ஊர்த் தோல் மாநிறமும் கருப்புமாக இருக்கும் தோல். வெயிலைத் தாங்க இயற்கை கொடுத்த வரம் இது. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. சின்னக் கீறல் பட்டாலும், பருவைக் கிள்ளினாலும், சூடு பட்டாலும் அந்த இடம் கருத்துப் போகும். வலி இரண்டு நாளில் போகும். கருப்பு போக மாதக் கணக்காகும்.

மதுரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி உருட்டி விட்டு, காலையில் பெரியார் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நின்றால் போதும். வெள்ளையாக வேண்டும் என்று உருட்டிய முகம் திட்டுத் திட்டாகக் கருக்கும். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது புதுசாக எதையும் முகத்தில் சோதித்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சிலர் ஊசி உருளையைக் கையால் தொடவே கூடாது. அவர்கள் யார்?

சீழ்ப் பரு இருப்பவர்கள். ஊசி ஒரு பருவின் கிருமியை முகம் பூராவும் உழுது விதைத்து விடும்.

மரு, வெண்புள்ளி, காளாஞ்சகப்படை இருப்பவர்கள். காயம் பட்ட கோட்டிலேயே இவை புதிதாகக் கிளம்பும் தன்மை உண்டு. பிளேடு போன வழியில் மரு வரிசை கட்டி வருவதைத் தோல் டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள்.

காது குத்திய இடத்தில் கூட தழும்பு தடித்து வளரும் உடம்புவாகு உள்ளவர்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பருவுக்காக டாக்டர் கொடுத்த மாத்திரையில் இருப்பவர்கள். இவர்கள் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

உருட்டிய பிறகு தடவுவது என்ன?

துளை போட்ட தோல் கதவு திறந்த வீடு மாதிரி. தடவுவது எதுவானாலும் உள்ளே போகும். எலுமிச்சைச் சாறு, பற்பசை, பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம் எதையும் தடவக் கூடாது.

பெயர் தெரியாத கிரீம் என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. துளையே போடாத முகத்தில் தடவியதற்கே வந்த வினை அது. கேரளாவின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிகட்டி கெட்டுப் போன 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வந்தது அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் தடவியவர்கள்! இந்தக் கிரீம்களில் கலக்கும் பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

பிளேடு, படிகாரம், டிரிம்மர்

ஊசி உருளை நம் வீட்டில் இல்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்கள், குளியலறை மாடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். அப்பாவும் மகனும் ஒரே ரேசரைப் பயன்படுத்துகிறார்களா? மேன்ஷனில் நாலு பேருக்கு ஒரே டிரிம்மரா? அதுவும் இதே கதைதான்.

ரேசர் ரத்தத்தை எடுத்துப் போகும். டிரிம்மர் படர்தாமரையை எடுத்துப் போகும். ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு. டிரிம்மர் தலையைக் கழற்றி பிரஷால் தட்டி, ஸ்பிரிட்டில் துடைத்துக் காய விட வேண்டும்.

சலூனில் புது பிளேடை உங்கள் கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பிளேடை மாற்றுகிறவர்கள் கூட படிகாரக் கல்லை மறந்து விடுவது உண்டு. பத்துப் பேர் கன்னத்தில் தேய்த்த கல் பதினோராவது ஆள் கீறலிலும் தேய்க்கப்படும். கல் உங்களுடையதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புருவத்துக்கு நூல் போடும்போதும் ஒரு கவனம் வேண்டும். நூலைப் பல்லில் கடித்துப் பிடித்தால் வாய்க் கிருமி முகத்துக்கு வரும். கழுத்தில் சுற்றிப் பிடிக்கச் சொல்லலாம்.

முகத்துப் பூனைமுடியைப் பெண்கள் பிளேடால் எடுத்தால் முடி தடித்து வளரும் என்பது வெறும் பேச்சு. வெட்டின நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவுதான். குளித்து முடித்த ஈரத்தில், முடி படிந்த திசையில், அழுத்தாமல் எடுத்தால் தவறில்லை. பரு இருக்கும் இடத்தில் மட்டும் பிளேடு போகக் கூடாது. திடீரென்று தாடையில் கரடுமுரடாக முடி முளைத்து, மாதவிலக்கும் தள்ளிப் போனால், அது ஹார்மோன் விவகாரம். பிளேடில் தீராது.

ஆவி பிடிக்கலாமா?

ஆவி பிடிப்பது நம் வீடுகளுக்குப் புதிது அல்ல. 2021 மே மாதம் கொரோனா இரண்டாவது அலையின்போது ரயில் நிலையம் போன்ற பொது இடங்களிலேயே ஆவி பிடிக்க ஏற்பாடு செய்தார்கள். அமைச்சர் மா.சுப்பிரமணியன் தலையிட்டு, பொது இடத்தில் ஆவி பிடிக்க வேண்டாம், தொற்று பரவும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

முகத்துக்கு ஆவி பிடித்தால் அழுக்கு இளகும், தோல் மெதுவாகும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கருவிக்கும் முகத்துக்கும் ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். கன்னத்தில் மங்கு இருப்பவர்களுக்கு ஆவி ஆகாது. சூடு பட்டால் மங்கு கூடும்.

பெரிய ஆபத்து கொதிக்கும் பாத்திரத்தில் இருக்கிறது. போர்வைக்குள் குழந்தையை உட்கார வைத்து, அது கையைத் தட்டி விட்டால் தீர்ந்தது கதை. கொட்டி விட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மை, மாவு, பற்பசை எதையும் பூசாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 108க்குப் போன் செய்யலாம்.

உறிஞ்சும் கருவியும் ஒளி முகமூடியும்

மூக்கில் கரும்புள்ளி எடுக்க உறிஞ்சும் கருவி விற்கிறார்கள். ஒரே இடத்தில் வைத்து இழுத்தால் ரத்தம் கட்டிச் சிவந்து போகும். வைத்த இடத்தில் வைக்காமல் நகர்த்திக் கொண்டே இருந்தால் காயம் குறையும். எடுத்த குழி சில வாரங்களில் மறுபடி நிறையும் என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டும். வளையம் வைத்த இரும்புக் குச்சியானால் கொதிக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் சீழ்க் கட்டியை அமுக்கவே கூடாது. அபூர்வமாக அந்தக் கிருமி ரத்தக் குழாய் வழியே மூளைப் பக்கம் ஏறி விடும்.

முடி போக்கும் ஒளிக் கருவியின் கதை வேறு. அந்த ஒளி கருப்பைத் தேடிப் போகும். முடியின் கருப்பு எது, தோலின் கருப்பு எது என்று அதற்குத் தெரியாது. கருத்த தோலில் பட்டால் கொப்புளம்தான். அட்டைப் பெட்டியில் தோல் நிறப் பட்டியல் அச்சடித்திருப்பார்கள். கையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் நிறத்துக்கு நேரே வேண்டாம் என்று போட்டிருந்தால், பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். நம்மைப் போன்ற நிறத்தவர்களில் சிலருக்கு, முகத்தில் இந்த ஒளி பட்டு முடி கூடுதலாக முளைத்ததும் உண்டு!

சிவப்பு, நீல விளக்கு எரியும் முகமூடி லேசான பருவுக்கு ஓரளவு உதவும். வாரக் கணக்கில் பொறுமை வேண்டும். கண்ணில் கவனம் வேண்டும். 2019இல் நியூட்ரோஜினா கம்பெனி தன் ஒளி முகமூடியைக் கடைகளில் இருந்து திரும்பப் பெற்றது. விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும், சில மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கண் பாதிக்கலாம் என்ற பயமே காரணம். மாலைக்கண், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் கண் டாக்டரைக் கேட்டு விட்டுத்தான் இதைத் தொட வேண்டும். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976இல் பிறந்த ஊர் இது. கண் டாக்டருக்கு இங்கே பஞ்சம் இல்லை.

கல் உருளை, கல் தகடு என்று விற்பவை தோலைக் குத்துவதில்லை. குளிர வைத்து மெதுவாக உருட்டினால் காலை வீக்கம் கொஞ்சம் வடியும். சுருக்கம் போகாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைத்தால் போதும்.

வாங்கும்போது, எறியும்போது

பெட்டியில் தயாரித்தவர் முகவரி, இறக்குமதி செய்தவர் பெயர், எந்த நாட்டுச் சரக்கு, மாதம், வருஷம், அதிகபட்ச விலை இவை எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எதுவும் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

பழைய பிளேடையும் ஊசி உருளையையும் அப்படியே குப்பையில் போடக் கூடாது. மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். உங்கள் முக அழகுக்கு அவர் ஏன் ரத்தம் சிந்த வேண்டும்? மூடி போட்ட டப்பாவில் அடைத்துத் தனியாகக் கொடுங்கள்.

எப்போது டாக்டர்?

சிவப்பு இரண்டு நாளில் குறையாமல் கூடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், கண் பக்கம் வீங்கினால் தாமதம் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் "முகத்துக்கு ஒரு ஆயின்ட்மென்ட் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிப் பூசவும் கூடாது. ஸ்டீராய்டு களிம்பாக இருந்தால் முதல் வாரம் முகம் மின்னும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, விட முடியாத பழக்கமாகி விடும். இந்த வகைக் களிம்புகளில் பலவற்றை 2018இல் மத்திய அரசு டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது.

ஊர் மக்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. தழும்புக்கு என்ன வழி என்று அங்கே போய்க் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வீட்டில் முகத்துக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சாதாரண சோப்போ பேஸ்வாஷோ போட்டு இரண்டு வேளை கழுவ வேண்டும். வெளியே கிளம்பும்போது எஸ்.பி.எப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூச வேண்டும். கையில் ஒரு குடை. ஒரு ஆளுக்கு ஒரு கருவி. ரத்தம் வர வைக்கும் எதுவும் வீட்டு அலமாரியில் வேண்டாம்.

தழும்பு இருக்கிற முகத்தோடு தாலி கட்டிக் கொள்ளலாம். வாங்கிய நோயைத் திருப்பிக் கொடுக்க முடியாது.